இணைப்பு மறுக்கப்பட்டது

1

இந்தக் கதையை எனக்குக் கொடுத்தது ஒரு பிழைச்செய்தி. அம்பத்தூர் எஸ்டேட்டில் சின்னச் சின்ன லினக்ஸ் பலகைகளோடு, அதாவது பெட்டியில்லாத குட்டிக் கணினிகளோடு, மாரடிக்கும் என் தோழி ஜெபா, டீ ஆறுவதைக்கூடக் கவனிக்காமல் சொன்னாள்:

"தூரத்துலர்ந்து ஒரு பலகைக்குள்ள நுழையப் பாக்குற. 'இணைப்பு மறுக்கப்பட்டது'ன்னு வந்தா சந்தோசப்படு. பலகை உசுரோட கீது, கதவுதான் தொறக்கல. பதிலே வரலன்னாதான் பயப்படணும்."

நான் உடனே ஓர் அப்பாவை உண்டாக்கினேன். பாவம், அவர் என்னை ஒன்றும் செய்யவில்லை.

2

முதல் தொடக்கம்: காட்டுப்பாக்கத்தில் மழை பெய்துகொண்டிருந்த ஒரு மாலையில், பச்சையப்பன் [அடித்துவிட்டேன். நான் மழையைக் கூப்பிட்டால் கைவசம் சரக்கில்லை என்று பொருள்.]

மறுபடி: மனைவி போனபின் பச்சையப்பன் காட்டுப்பாக்கத்தில் தனியாக இருக்கிறார். மகன் அரவிந்தன் அம்பத்தூரில். அப்பா அடுப்பை அணைக்க மறக்கிறார் என்பதால், கேஸ் கசிந்தால் கண்டுபிடிக்கும் உள்ளங்கையளவு பலகை ஒன்றைச் சமையலறையில் மாட்டினான். தன் வீட்டிலிருந்தபடியே அதற்குள் நுழைந்து பார்க்க ஒரு மென்பொருள் சேவையையும் அதில் நிறுவினான். பைக்கில் போனால் அரைமணி நேரத் தூரம்தான். ஆனால் சேவை ஓட ஆரம்பித்தபின் பைக் அந்தப் பக்கம் போவது குறைந்துவிட்டது.

['தொலைநுழைவு' என்று எழுதிப் பார்த்தேன். தொலைவிலும் தொலைப்பதிலும் ஒரே 'தொலை' இருப்பது அப்போதுதான் உறைத்தது. எரிச்சலாக வந்தது.]

3

"நேத்து உள்ள வந்து பாத்தேன்பா. எல்லாம் சரியா கீது," என்றான் அரவிந்தன் போனில்.

"எப்போடா வந்தே? நான் ஊட்லதானே குந்திகினு இருந்தேன்?"

"நேர்ல இல்லப்பா. கம்ப்யூட்டர் வழியா."

பச்சையப்பன் போனை இன்னொரு காதுக்கு மாற்றினார்.

"வந்தவன் ஒரு வாய் துன்னுட்டுப் போயிருக்கலாமில்ல, நைனா."

இதை எழுதியதும் எனக்கே அழுகை வந்தது. எழுந்துபோய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

4

ஞாயிற்றுக்கிழமை காலை. அப்பா போனை எடுக்கவில்லை. அரவிந்தன் கணினியைத் திறந்து நுழையப் பார்க்கிறான்.

முடிவு ஒன்று: 'மறுக்கப்பட்டது.' கரண்ட் போய் வந்திருக்கிறது. பலகை எழுந்துகொண்டது, ஆனால் அதோடு சேவையும் தானாக எழும்படி அமைக்க அரவிந்தன் மறந்திருந்தான். அப்பா போனை வீட்டில் வைத்துவிட்டுக் கறி வாங்கப் போயிருக்கிறார்.

முடிவு இரண்டு: பதிலே வரவில்லை. சமையலறையில் பச்சையப்பன் [இந்த வாக்கியத்தை நான் முடிக்கப் போவதில்லை.]

முதல் முடிவே போதும் என்று ஜெபாவிடம் படித்துக் காட்டினேன்.

"லூசா நீ? மறுத்தா பலகை உசுரோட கீதுன்னுதான் அர்த்தம். அப்பா எப்டி கீறாருன்னு அதுக்கு இன்னா தெரியும்?"

5

அவள் சொன்னது சரி. ஆகவே திரையில் என்ன வந்தது என்று உங்களுக்குச் சொல்ல மாட்டேன். அரவிந்தனுக்கும் அது போதவில்லை. கணினியைக்கூட மூடாமல் பைக்கை எடுத்தான். வானகரம் நெரிசலில் ஹாரனை விடாமல் அடித்தான். இப்போது காட்டுப்பாக்கத்து வீட்டு வாசலில் நின்று கதவைத் தட்டுகிறான்.

என்னால் இவ்வளவுதான் முடியும். உள்ளேயிருந்து "யார்ரா அது?" என்று ஒரு குரல் வர வேண்டும். அதை நான் எழுதினால் பொய் போலிருக்கிறது. எழுதாமல் விட்டால் கொலை போலிருக்கிறது.

அதனால் "யார்ரா அது?" என்று நீங்கள் கேளுங்கள். கொஞ்சம் சத்தமாகவே கேளுங்கள். அவன் அழுதுகொண்டே தட்டுகிறான்.