பதினேழாம் எண்காரர்

ரிஜ்வானுக்கு மனிதர்களோடு பழகத் தெரியாது. எண்களோடு நன்றாகப் பழகுவான். எய்ட்ஸ் தடுப்பூசிச் சோதனையில் சேர்ந்தவர்களின் ரத்த விவரங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றி, பிழை பார்த்து, கணக்குப் போட்டுச் சொல்வது அவன் வேலை. அவனிடம் வரும் விவரத்தில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். பழவேற்காட்டில் அவனுக்குப் பெண் தேடிக்கொண்டிருந்த அம்மா, கேட்டவர்களிடம் ‘கம்ப்யூட்டர் வேலை’ என்பதோடு நிறுத்திக்கொள்வாள். எய்ட்ஸ் என்று காதில் விழுந்தால் பெண் வீட்டார் டீயைக்கூடக் குடிக்காமல் எழுந்துவிடுவார்கள்.

சோதனை முடிந்து, யாருக்கு நிஜ ஊசி, யாருக்கு வெறும் உப்புத் தண்ணீர் என்ற ரகசியத்தை உடைத்த வாரம், கும்மிடிப்பூண்டி இரும்பு மில் தொழிலாளி ஒருவன் ஆபீஸ் வாசலில் வந்து நின்றான். டாக்டர் டெல்லிக்குப் போயிருந்தார். ரிஜ்வான்தான் அகப்பட்டான்.

“எம்பேரு அந்தோணி சார். பதினேழாம் நம்பரு.”

ரிஜ்வானுக்குப் புல்லரித்தது. பதினேழு! வரைபடத்தில் உச்சியில் நிற்கிற புள்ளி. தடுப்பூசிக்கு இவ்வளவு எதிர்ப்புச் சக்தி வேறு யார் உடம்பிலும் ஊறவில்லை. அதைத் திரையில் காட்டியபோது மீட்டிங்கில் கை தட்டினார்கள். சினிமா நட்சத்திரத்தைப் பார்த்தவன்போல அவனை உட்காரவைத்தான்.

“கல்யாணம் நின்னுடும் போலக்கீது சார்.”

பெண் கிறிஸ்டினா. கல்யாணத்துக்கு முன் இருவருக்கும் ரத்தம் பார்த்துவிட வேண்டும் என்று அவள் அப்பா தாவீது சொல்லியிருந்தார். பஜார் லேப் அந்தோணிக்கு ‘பாசிட்டிவ்’ என்றது. சோதனைக்காரர்கள் கிருமியையே நேராகத் தேடிப் பார்த்து, ‘இல்லை’ என்றார்கள். தாவீது யாரிடமும் மூச்சு விடவில்லை. விவரம் தெரிந்த ஆள் ஒருவர் வந்து வாயால் சொன்னால் போதும் என்றாராம்.

ரிஜ்வானுக்கு மனசு இளகிவிட்டது. அது இளகினால் யாருக்காவது கேடுதான். லேப்டாப்பை எடுத்துக்கொண்டு, அந்தோணியோடு ஆபீஸ் ஜீப்பில் ஏறினான்.

தாவீது வீட்டுக் கூடத்தில் வரைபடத்தைத் திறந்துவைத்துப் பாடம் நடத்தினான்.

“ஐயா, பஜார் டெஸ்ட் திருடன தேடாது, வாட்ச்மேனத்தான் தேடும். வாட்ச்மேன் இருந்தா திருடன் வந்துட்டான்னு சொல்லிடும். இவருக்கு எங்க ஊசி வாட்ச்மேன மட்டும் வெச்சிருக்கு. திருடன் வரவே இல்ல. பாருங்க, இதான் மாப்ள. எல்லாருக்கும் மேல!”

“அந்த வாட்ச்மேன் எப்ப போவான் சார்?”

“தெரியாதுங்க. அதுக்கு இன்னும் டேட்டா இல்ல.”

“அதுவரைக்கும் எங்க போயி ரத்தம் குடுத்தாலும் பாசிட்டிவா?”

“வரலாம்,” என்றான் ரிஜ்வான். பொய்யைத்தான் இத்தனை வருஷமாகக் கம்ப்யூட்டரிலிருந்து பொறுக்கி எடுத்துக்கொண்டிருந்தான், சொல்லப் பழகியிருக்கவில்லை.

தாவீது தலையை ஆட்டினார். “பரவால்ல சார். நீ இம்மாந்தூரம் வந்து சொல்ற. நான் நம்பறேன்.”

உள்ளே கிறிஸ்டினாவின் வளையல் அசைந்தது. அந்தோணி கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

அப்போதுதான் வாசலில் சத்தம் கேட்டது. குழாயடிப் பெண்கள் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். ஜீப்பின் பக்கவாட்டில், முழங்கை நீள எழுத்தில், ‘எய்ட்ஸ் தடுப்பூசி ஆய்வுத் திட்டம்’.

“யாருக்குடி? மாப்ளைக்கா?”

“வண்டியே வந்துகீது, இன்னும் இன்னா கேள்வி?”

தாவீது வாசல்வரை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

“எனக்கு ஒருத்தனுக்குப் புரியவெக்கத்தான உன்ன கூப்ட்டேன் சார். ஊருக்கே சொல்லிட்டியே. இன்னும் ரெண்டு பொண்ணு வெச்சிக்கினுகீறேன் நான்.” பிறகு அந்தோணியைப் பார்க்காமலே சொன்னார்: “நீ போ நைனா.”

வெளியே வந்ததும் அந்தோணி கேட்டான்: “அந்தப் படத்துலருந்து என் புள்ளிய அழிச்சுடு சார்.”

“அழிக்க முடியாது அந்தோணி. நீங்களே வெலகிட்டாலும் குடுத்த விவரம் இருக்கும். ரூல்.” சொன்னபிறகுதான் தன் வாயை அறைந்துகொள்ளலாம்போல இருந்தது. ஜீப் கதவைத் திறந்தான். “ஏறுங்க. மில்லுல எறக்கி விடறேன்.”

“இதுலயா சார்?” என்றான் அந்தோணி.

குழாயடியைத் தாண்டி, தலையைக் குனிந்துகொண்டு நடந்துபோனான். பெண்கள் குடங்களைத் தங்கள் பக்கம் நகர்த்திக்கொண்டார்கள்.