வண்ணார்பேட்டைப் பெட்டி

மெர்வினின் அலுவலகத்தில் இருந்த அந்தக் கறுப்புப் பெட்டிக்கு அடிக்கடி செவ்வந்திப் பூ வரும். கொண்டுவருகிறவள் முத்துராணி. பத்தமடைக்கு அப்பால், கால்வாயின் கடைமடையில் கொஞ்சம் வயல் வைத்திருப்பவள். வண்ணார்பேட்டைக்கு எந்தச் சோலியாக வந்தாலும் மாடியேறி, கண்ணாடி அறைக்குள் பச்சையும் சிவப்புமாக மினுக்கிக்கொண்டிருக்கும் பெட்டியின் மேல் பூவை வைத்து, "நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போவாள். சர்ச்சுக்குப் போகிற வேதக்காரன் ஆபீஸில் பூ வைக்கலாமா என்று அவளும் கேட்டதில்லை, மெர்வினும் தடுத்ததில்லை. கண்ணாடி அறையைத் திறந்த அன்று போதகர் வேதமுத்து அதே பெட்டியின் மேல் கைவைத்துப் பிரதிஷ்டை ஜெபம் பண்ணியிருந்தார். ஆக, இரண்டு பக்கத்து ஆசீர்வாதமும் அமோகமாக வாங்கிய பெட்டி. உள்ளே ஒன்றும் இல்லை என்பது மட்டும்தான் குறை.

மெர்வின் அந்தக் கால்வாய்ப் பாசன சங்கத்துக்குத் தண்ணீர் முறை வகுக்கும் செயலி செய்து கொடுத்தவன். யார் மடையை எப்போது திறப்பது, போன முறை யாருக்கு எத்தனை மணி நேரம் குறைந்தது, அதை இந்த முறை எப்படி ஈடுகட்டுவது எல்லாவற்றையும் அது போட்டுக் கொடுக்கும். சென்னைக் கம்பெனி ஒன்றும் போட்டிக்கு வந்திருந்தது. "நம்ம நிலம், நம்ம தண்ணி. இந்த விவரத்தையெல்லாம் எவன் கையிலயோ கொண்டு குடுக்கதுக்கா?" என்று சங்கக் கூட்டத்தில் சத்தம் கிளம்பியது. மெர்வின் எழுந்து நின்று, "உங்க விவரம் ஒண்ணும் தாமிரபரணியத் தாண்டாது. எங்க ஆபீஸ்லயே இருக்கும்" என்றான். சங்கத் தலைவர் சுடலைராஜ் அவன் தோளைத் தட்டினார். "நம்ம பய. இவனுக்கு நான் பொறுப்பு" என்று அவர் சொன்னதோடு பேச்சு முடிந்தது.

சொன்னபோது அது பொய்யில்லை. செய்யத்தான் நினைத்திருந்தான். ஆனால் விவரங்களைச் சேமித்து வைக்கச் சொந்த இயந்திரம் என்றால் கரண்ட், சூடு, பழுது, காவல் என்று ஆயிரம் தலைவலி. தொழிலில் எல்லோரும் செய்வதைத்தான் அவனும் செய்தான். வெளிநாட்டு நிறுவனம் ஒன்றின் கிளவுடில் அத்தனையையும் கொண்டுபோய் வைத்தான். இங்கே ஒரு நகலாவது வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும்போதெல்லாம் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று தள்ளிப்போட்டான். அதற்குள் சங்கத்து ஆட்கள், "எங்கன இருக்கு, கண்ணுல காட்டு" என்று கிளம்பி வருவதாகச் சொல்லிவிட்டார்கள். பழைய இரும்புக் கடையில் ஒரு தகரப் பெட்டியை வாங்கி, கறுப்புச் சாயம் அடித்து, நாலு மினுக்கு விளக்கை ஒட்டவைத்தது அப்படித்தான். வந்தவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு நின்று பார்த்தார்கள்.

பிசான நெல் பருவத்தின் முதல் முறை தொடங்க ஒரு நாள் இருக்கையில் செயலி படுத்துவிட்டது. மெர்வினின் கணக்கில் அந்த வெளிநாட்டு நிறுவனத்துக்குச் சந்தேகப்படும்படி ஏதோ தென்பட்டதாம். பரிசீலனை முடியும்வரை முடக்கமாம். என்ன சந்தேகம் என்று கேட்டு எழுதினான். தொடர்புகொண்டதற்கு நன்றி என்றது ஒரு இயந்திரம். மறுபடி கேட்டான், மறுபடியும் நன்றி. பேச ஒரு ஆள் இல்லை. திட்டுவதற்குக்கூட ஒரு ஆள் இல்லை.

சுடலைராஜ் போனில் கூப்பிட்டபோது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தான். "மிஷின்ல சின்னக் கோளாறு அண்ணாச்சி" என்று வந்தது.

"இதுக்கா பயப்படுத? நம்ம ஊருக்கே தூக்கிட்டுப் போயிருவோம். எலக்ட்ரீசியன் இருக்கான், பாத்துக்கிடுவான். நாளைக்குத் தண்ணி விடணும்லா" என்று போனை வைத்துவிட்டார் அவர்.

மத்தியானம் லோடு ஆட்டோவும் பைக்குமாக வந்து இறங்கினார்கள். சுடலைராஜ், சங்கத்து ஆட்கள் மூன்று பேர், முத்துராணி. கட்டுவதற்குக் கயிறு, பெட்டிக்கு அடியில் விரிக்க ஒரு பழைய கோரைப்பாய். நோயாளியை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போகிற பதனம் அவர்களிடம் இருந்தது. மெர்வின் கண்ணாடி அறையின் கதவைத் திறந்துவிட்டான்.

கண்ணாடி அறைக்குள் இரண்டு பேர்தான் நிற்க முடியும். சுடலைராஜ் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்து, பெட்டியின் ஒரு பக்கத்தைக் கிளப்பினார். அது பொசுக்கென்று மேலே வந்தது. பைய கீழே வைத்தார். மெர்வினைத் திரும்பிப் பார்த்தார். அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாசலில் நின்றவர்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது.

"கனமாத்தான் இருக்கு" என்றார் சுடலைராஜ், திரும்பாமலே. "நீங்க கீழ போயி வண்டியில எடம் பண்ணுங்க. நானும் தம்பியும் எறக்கிட்டு வாரோம்."

படிக்கட்டில் அவர் முன்னால் இறங்கினார். கீழே நிற்பவர்கள் பார்க்கிறார்கள் என்பதற்காக, அந்த அறுபது வயது மனிதர் ஒவ்வொரு படிக்கும் முனகினார். இடையில் நின்று மூச்சு வாங்கினார். தன் பொய்யை இன்னொருவர் முதுகு வளைந்து சுமப்பதைப் பார்த்துக்கொண்டே இறங்குவது மெர்வினால் தாங்க முடியாததாக இருந்தது. "அண்ணாச்சி" என்றான்.

"பேசாம எறங்குலே."

பெட்டியை வண்டியில் ஏற்றிக் கட்டியதும் அவன் காதருகே வந்து, "நீ பக்கத்துல உக்காந்து பிடிச்சுக்கோ. காத்துல தூக்கிரும்" என்றார். பிறகு முன்னால் போய் டிரைவர் பக்கத்தில் ஏறிக்கொண்டார். ஊர் வரும்வரை திரும்பிப் பார்க்கவில்லை.

பின்னால் பெட்டிக்கு ஒரு பக்கம் மெர்வின், மறுபக்கம் முத்துராணி. மற்றவர்கள் பைக்கில் தொடர்ந்து வந்தார்கள். பெட்டி சாய்ந்து மேலே விழுந்துவிடாதபடி முத்துராணி காலை ஊன்றி, இரண்டு கையாலும் அதை அணைத்திருந்தாள். முன்னீர்ப்பள்ளம் தாண்டி ஒரு வேகத்தடையில் வண்டி தூக்கிப் போட்டது. கயிறு தளர்ந்து, பெட்டி துள்ளி, அவள் மடியில் வந்து உட்கார்ந்தது. அவளுக்கு வலிக்கவே இல்லை.

பெட்டியை லேசாக அசைத்துப் பார்த்தாள். "உள்ள ஒண்ணும் இல்லையா தம்பி?"

"இல்லக்கா."

"அப்பம் எம் முறை எங்கன இருக்கு?"

"வெளிநாட்டுல."

"யாருட்ட?"

"தெரியலக்கா."

"போன தடவ மேமடைக்காரங்க அடைச்சதுல எனக்கு அஞ்சு மணி நேரம் கொறஞ்சுது. இந்தத் தடவ அதச் சேத்துத் தாரதாப் போட்டிருந்துச்சு. அத அந்த ஆளுட்ட சொன்னா தருவானா?"

"அங்கன ஆளே இல்லக்கா. அடைச்சிட்டாங்க. எப்பம் தொறப்பாங்கன்னும் தெரியாது."

வைவாள் என்று காத்திருந்தான். வைதிருந்தால் எவ்வளவோ நிம்மதியாக இருந்திருக்கும். அவள் பெட்டியைப் பழைய இடத்தில் நகர்த்திவைத்து, மறுபடியும் காலை ஊன்றி, கனம் தாங்குகிறவளைப்போல அணைத்துப் பிடித்துக்கொண்டாள். "பின்னால வாரவுக பாக்காவ" என்றாள் மெதுவாக. இத்தனை நாள் தான் பூ வைத்தது ஊருக்கே தெரியும் என்று அவளுக்கு இப்போது கூச்சம். அந்தக் கூச்சத்தையும் அவன்தான் அவளுக்குக் கொடுத்திருந்தான்.

சங்கக் கட்டடத்து வாசலில் கூட்டம் நின்றது. உள்ளே ஒரு மேசையைத் துடைத்து வைத்திருந்தார்கள். எலக்ட்ரீசியன் ஸ்க்ரூ டிரைவரோடு தயாராக இருந்தான். வண்டி நின்றதும் நாலு இளவட்டங்கள் பெட்டியைத் தூக்க ஓடிவந்தார்கள்.

"வேண்டாம்" என்றான் மெர்வின். கயிற்றை அவிழ்த்தான். ஒற்றைக் கையால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு இறங்கி, எல்லோருக்கும் தெரிய உயர்த்திப் பிடித்தான். உள்ளே ஒரு விளக்கு கழன்று கடகடவென்று உருண்டது.

"இதுல ஒண்ணும் கெடையாது. நான் பொய் சொன்னேன். உங்க விவரம் பூரா வெளிநாட்டுக்காரன்ட்ட இருக்கு. அவன் என்னையே உள்ள விடமாட்டேங்கான். அண்ணாச்சிக்கு மாடியில தூக்கும்போதுதான் தெரியும். என் மானத்துக்காக மறைச்சாரு."

யாரோ சிரித்தார்கள். சிரித்தவரே நிறுத்திக்கொண்டார். மேல்மடைக்காரர்கள் இரண்டு பேர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். விவரம் இல்லையென்றால் நாளைக்கு முந்தினவருக்குத்தான் தண்ணீர் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும்.

சுடலைராஜ் தரையைப் பார்த்தபடி, "நாந்தானே பொறுப்புன்னேன். மடையில நான் நிக்கேன்" என்றார். அவர் குரலுக்கு எப்போதும் கிடைக்கிற மரியாதை அன்று கிடைக்கவில்லை.

முத்துராணி வண்டியிலிருந்து இறங்கி வந்தாள். பெட்டியின் மேல் ஒட்டிக்கொண்டிருந்த வாடின செவ்வந்தியை எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். கட்டடத்துச் சுவரில் சாய்த்து வைத்திருந்த மண்வெட்டி ஒன்றைத் தோளில் போட்டாள். "எம் முறைக்கு நானே காவல் இருந்துக்கிடுதேன்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டுக் கால்வாய்க் கரையில் நடந்தாள். சுடலைராஜ் அவள் பின்னால் போனார். கூட்டமும் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் கலைந்தது.

மெர்வின் பெட்டியோடு வாசலில் நின்றான். மேசை அவனுக்கு நேராகத்தான் இருந்தது. அதில் வை என்று யாரும் சொல்லவில்லை.