சாத்தான் படம் போட்ட தேன்

அந்த ஏப்ரலில் போஹின் பள்ளத்தாக்குத் தேனீக்கள் மரிபோர் நகரத்துப் பல் மருத்துவர் ஒருவரின் கைபேசியில் போய் உட்கார்ந்தன. மறுநாள் வேறோர் ஊரில், ஓர் ஆசிரியையின் கணினித் திரையில். யாரையும் கொட்டவில்லை. திரையில் தெரிந்த படத்தைத் தங்கள் வீடென்று நம்பி வாசலைத் தேடின, அவ்வளவுதான்.

அது ரோசாலியாவின் தேன்பெட்டிப் படம். அந்தப் பக்கத்தில் பெட்டியின் முகப்பில் படம் வரைவார்கள். தேனீ அதைப் பார்த்துத்தான் வீடு திரும்பும். ரோசாலியாவின் பெட்டிகளில் சாத்தான் ஒரு பெண்ணின் நாக்கைச் சாணைக்கல்லில் தீட்டிக்கொண்டிருப்பான். அவள் வாய்க்குப் பயந்த கணவன் லோய்ஸே கேலியாக வரைந்தது. கொஞ்ச நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தவள், பிறகு எல்லாப் பெட்டிகளிலும் அதையே வரையச் சொன்னாள். அவன் இறந்தபின் 'ரோசாலியா தேன்' என்று இணையத்தில் விற்றுப் பிழைத்தாள். ஒரு தேனீகூட வளர்க்காத தம்யான் என்பவன் 'ரோசாலியா அசல் தேன்' என்று கடை திறந்து, அந்தப் படத்தையும் சுட்டுப் போட்டுக்கொண்டான். சர்க்கரைப் பாகை வாங்கி ஏமாந்தவர்கள் இவளைத் திட்டினார்கள்.

அவள் வணிகப் பெயர்ப் பதிவு அலுவலகத்தில் புகார் கொடுத்தாள்.

"அவர் கடைப் பேர்ல 'அசல்'னு இருக்கேம்மா. வேற பேருதானே?"

"அப்ப நான் நகலா?"

விசாரிக்கிறோம் என்றார்கள். அதற்குள் தம்யானே போன் செய்தான்.

"உங்க தேனீங்க என் ஆபீஸ் பூரா அடை கட்டிருச்சுங்க. வந்து கூட்டிட்டுப் போங்க."

"படத்தை எடு. அதுங்களே வந்துரும்."

"அதை எடுத்தா எவன் வாங்குவான்?"

ஜூனில் லிண்டன் மரங்கள் பூத்தபோது பெட்டிகள் பாதி காலி. வீடு தேடிப் போனவை ஊர் ஊராகத் திரைகளின் அடியில் இறந்து கிடந்தன. அந்த ஊர்ப் பேச்சில் மாடு, நாயெல்லாம் செத்துப்போகும். தேனீ மட்டும் மனிதரைப் போல இறக்கும் என்றுதான் சொல்வார்கள். ரோசாலியா அழுதாள். பிறகு வெள்ளைச் சாயம் எடுத்து லோய்ஸேயின் சாத்தானை மூடினாள். ஒரு புகைப்படம்கூட எடுத்து வைக்கவில்லை; வைத்தால் அதையும் வீடென்று நம்பிவிடும். மேலே ஒரு கரடி வரைந்தாள். அது உருளைக்கிழங்கு மாதிரி வந்தது. மிச்சமிருந்த தேனீக்கள் குறை சொல்லாமல் மாலைக்குள் திரும்பின.

ஆகஸ்டில் அலுவலகத்திலிருந்து அழைத்தார்கள்.

"அவர் கடையை மூடிரலாம்மா. நீங்க சரின்னு சொன்னாப் போதும்."

"வேணாம். இருக்கட்டும்."

"நீங்கதானேம்மா அவ்வளவு சண்டை போட்டீங்க?"

"என் வீட்டுக்காரர் வரைஞ்சது இப்ப அவன் கடையில மட்டுந்தான் இருக்கு."

இப்போதும் காலைக் காப்பியோடு தம்யானின் கடைப் பக்கத்தைத் திறந்து வைக்கிறாள். தேனீ ஒன்றிரண்டு வந்து சாத்தான் மேல் உட்காரும். அவள் விரட்டுவதில்லை.