வண்டி வேறு, சுமை வேறு

நெடுஞ்சாலை ஓரத்து எடை மேடையில் இருபத்திரண்டு வருடமாக லாரிகளை எடை போட்டவருக்கு ஓட்டுநர்கள் வைத்த பெயர் ‘டன்’. அவர் உட்கார வருகிறார் என்று தெரிந்தாலே நாற்காலி உயில் எழுதி வைத்துவிடும். அந்தச் சின்ன அறைக்குள் அவர் நுழைந்தால், காற்று ஜன்னல் வழியாக வெளியே போய் நின்றுகொள்ளும். நூற்றெட்டு கிலோ. அதைப் பற்றி அவருக்கு ஒரு நாளும் வருத்தம் இருந்ததில்லை, அக்காவின் கல்லீரல் கைவிரிக்கும் வரை.

அக்கா தையல்காரி. பள்ளிச் சீருடை தைத்தே நாலு தெருப் பிள்ளைகளை மானத்தோடு நடமாட விட்டவள். மூன்றே மாதத்தில் கண் மஞ்சளாகி, வயிற்றில் நீர் கோத்து, ஊசியில் நூல் நுழைக்க முடியாமல் படுத்துவிட்டாள். வேறு கல்லீரல் வைத்தால்தான் பிழைப்பாள் என்றார் மருத்துவர். உயிரோடு இருக்கும் ஒருவர் தன்னுடையதில் ஒரு பாகத்தைக் கொடுக்கலாம், மிச்சம் வளர்ந்துவிடும் என்றார். சொந்தபந்தம் முழுவதையும் சோதித்ததில் பொருந்தியது ஒரே ஒருவருக்கு. டன்னுக்கு.

ஆனால் ஸ்கேனில் பார்த்தால், டன்னின் வயிற்றுக்குள் இருந்தது கல்லீரலா வெண்ணெய்க் கட்டியா என்று இயந்திரமே திகைத்துப் போனது.

“இவ்வளவு கொழுப்போட இதை வெட்டி வைக்க முடியாது. ஆறு வாரம் தரேன், குறைச்சிட்டு வாங்க” என்றார் மருத்துவர். “அதுக்கு மேல உங்க அக்கா தாங்கமாட்டாங்க.”

படுக்கையில் இருந்த அக்காவுக்கு இதைக் கேட்டு ஒரே சிரிப்பு. “உனக்குக் கொழுப்புன்னு சின்ன வயசுலயே சொன்னேன், வீட்டுல ஒருத்தரும் நம்பல. இப்ப பாரு, ஆஸ்பத்திரில எழுதியே குடுத்துட்டாங்க.”

உணவு ஆலோசகர் என்று பலகை மாட்டிய அறையில் ஒரு பெண் இருந்தாள். என்ன வேலை என்று முதலில் கேட்டுக்கொண்டாள்.

“லாரியா? அப்ப சுலபம் சார். மாவுச்சத்துதான் டீசல். வண்டி ஓட வேணும், டாங்க் வழியற அளவுக்கு வேணாம். எண்ணெய், கொழுப்பு எல்லாம் கிரீஸ் மாதிரி. துளி இல்லேன்னா வண்டி மக்கர் பண்ணும். புரதம் இருக்கே, அதுதான் வண்டியே. சட்டம், அச்சு, சக்கரம் எல்லாம் அதுல செஞ்சது. நீங்க இறக்க வேண்டியது சுமையை. வண்டியை இல்ல. புரியுதா?”

“தலைகீழா நிக்க வச்சுக் கேட்டாலும் சொல்லுவேன் மேடம்.”

தட்டு படம் ஒன்று வரைந்து கொடுத்தாள். பாதித் தட்டு காய். கால் தட்டு முட்டை, மீன், பயறு என்று ஏதாவது. கால் தட்டு சோறோ ரொட்டியோ. நாளெல்லாம் சேர்த்து எண்ணெய் மூன்று டீஸ்பூன். புரதம் மட்டும் தொண்ணூறு கிராமுக்குக் குறையக் கூடாது. தினம் வேகமாக ஒரு நடை. “வாரம் ஒரு கிலோ போதும். அவசரப்படாதீங்க” என்றாள்.

முதல் வாரம் டன் தட்டு படத்தை மீறவே இல்லை. மனைவி குளியலறைக்கு வாங்கி வைத்த சின்னத் தராசில் ஒன்றரை கிலோ குறைந்திருந்தது. அவள் குதித்தாள். டன்னுக்கு நம்பிக்கை வரவில்லை. பிளாஸ்டிக் பொருள் எதைத்தான் சொல்லாது? நேராக வேலைக்குப் போய், லாரி ஏறும் இரும்புப் பலகையின் நடுவில் போய் நின்றார்.

அந்த மேடைக்கு ஒரு குணம். பத்து பத்தாகத்தான் பேசும். நடுவில் வரும் கிலோவையெல்லாம் தூசி, தும்பு, ஈ, எறும்பு என்று நினைத்து, பக்கத்தில் இருக்கிற பத்துக்கு நகர்த்திவிடும். நூற்றெட்டு கிலோவில் அவர் நின்றபோதும் 110 என்றது. நூற்றாறரையில் நின்றபோதும் அதே 110, ரத்தச் சிவப்பில்.

டன் இறங்கி, மறுபடி ஏறிப் பார்த்தார். ஒரு வாரம் போச்சு, அக்காவின் ஆறில் ஒன்று போச்சு, எண் அசையவில்லையே! ஊரே பொய் சொன்னாலும் மேடை சொல்லாது என்பது அவருடைய இருபத்திரண்டு வருட மதம்.

அன்றைக்கே தட்டு படத்தை மடித்து மேசை டிராயரில் போட்டார். சோறு பாதி நல்லது என்றால் சோறே இல்லாதது இன்னும் நல்லது. எண்ணெய் மூன்று ஸ்பூன் எதற்கு, சுத்தமாக வேண்டாம். முட்டையில் கொழுப்பு இருக்கிறதாம், ஓட்டுநர் ஒருவர் சொன்னார், அதுவும் போகட்டும். மீனுக்கும் எண்ணெய் உண்டு, பயறுக்கும் தாளிப்பு உண்டு, போகட்டும். மிஞ்சியது வெள்ளரிக்காய், முட்டைக்கோஸ் வேகவைத்த தண்ணீர், பெருமூச்சு.

மனைவி கட்டிக் கொடுத்த டப்பா தினமும் மேடைக்கு அடியில் படுத்திருந்த நாய்க்குப் போனது. துணி மாட்டலாம் போல இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருந்த நாய் அது. ரெண்டு முட்டை, ஒரு துண்டு மீன், ஒரு கிண்ணம் பயறு என்று நாள் தவறாமல் தின்று, ஒரே மாதத்தில் மல்யுத்த வீரனாகிவிட்டது. முன்பு லாரியைக் கண்டால் நாய் ஒதுங்கும். இப்போது நாயைக் கண்டு லாரி ஒதுங்கியது.

“அண்ணே, இந்த நாய்க்கு அப்படி என்ன போடறீங்க?” என்றார் ஒரு ஓட்டுநர்.

“புரதம்டா.”

“அப்ப உங்களுக்கு?”

“எனக்கு எதுக்கு? நான் இறக்கற கட்சி, ஏத்தற கட்சி இல்ல.”

மூன்றாம் வாரம் மேடை 100 என்றது. டன் பலகை மேலிருந்தே போன் போட்டார்.

“அக்கா! நூறு!”

“சாப்பிடறியாடா நீ?”

“வயிறு முட்ட.”

“யார்கிட்ட கதை விடற? உன் குரலே இளைச்சுப் போயிருக்கு.”

மனைவிக்கும் சந்தேகம். “என்னங்க, மாடி ஏறும்போது கைப்பிடியைப் பிடிச்சுக்கறீங்க?”

“இளைச்சவன் காத்துல பறந்துட்டா என்ன பண்றது? அதான்.”

சாவியைத் திருப்பக்கூட இரண்டு கை தேவைப்பட்டது. தலை சீவினால் சீப்பு நிறைய முடி வந்தது. அதெல்லாம் மேடையில் ஏறாத கணக்கு. ஆறாம் வாரம் மேடை 90 என்றது. கல்யாணத்துக்குக் கிளம்புகிறவர் போல ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

உணவு ஆலோசகர் காகிதங்களைப் புரட்டினாள். திரும்பவும் முதலிலிருந்து புரட்டினாள்.

“பதினஞ்சு கிலோ போயிருக்கு. முக்காவாசி சதை. ரத்தத்துல புரதம் தரைதட்டிக் கிடக்கு. கல்லீரல்ல கொழுப்பு அப்படியே இருக்கு, வீக்கம் வேற வந்திருக்கு. பட்டினி போட்டா உடம்பு மத்த இடத்துக் கொழுப்பையெல்லாம் கொண்டுவந்து அங்கதான் கொட்டும் சார். அங்கேருந்து வெளியேத்தறதுக்குப் புரதம் வேணும்.” நிமிர்ந்தாள். “சுமையை இறக்கச் சொன்னேன். நீங்க சக்கரத்தைக் கழட்டிட்டு வந்து நிக்கறீங்க.”

“மேடை தொண்ணூறு காட்டுச்சு மேடம்.”

“காட்டும். சக்கரம் இல்லாத வண்டியும் எடை கம்மியாத்தான் காட்டும்.”

மருத்துவர் சுருக்கமாகச் சொன்னார். இந்த உடம்பில் கத்தி வைத்தால் இரண்டு பேருமே மேசையில் போய்விடுவார்கள். ஒழுங்காகச் சாப்பிட்டு, ஆறு வாரம் கழித்து வரவேண்டும்.

“அக்காவுக்கு ஆறு வாரம் இருக்கா டாக்டர்?”

மருத்துவர் பேனா மூடியைத் தேட ஆரம்பித்தார். அது பேனாவில்தான் இருந்தது.

வராந்தாவில் மனைவியிடம் நாய் விஷயத்தைச் சொன்னார். திட்டுவாள் என்று காத்திருந்தார். “மீன்ல முள்ளை ஒவ்வொண்ணா எடுத்து வச்சேன்” என்று மட்டும் சொன்னாள்.

அக்காவிடமும் எல்லாவற்றையும் சொன்னார். சொல்லி முடித்தபோது அவள் கண்ணை மூடியிருந்தாள்.

“நாய் ஆணா பொண்ணா?”

“பொண்ணு.”

“அப்ப அதோடது எனக்குப் பொருந்துமான்னு கேட்டுப் பாரேன். என் பங்கையெல்லாம் அதுதானே தின்னுச்சு.” சிரிக்கப் பார்த்தாள், இருமல்தான் வந்தது. “சட்டையைக் கழட்டு. கொடில காயற மாதிரி தொங்குது. பாக்க சகிக்கல.”

டன் கழற்றிக் கொடுத்தார். மனைவி ஊசியில் நூல் கோத்துத் தந்தாள். மஞ்சள் விரல்களால் இரண்டு பக்கமும் குண்டூசி குத்தி, படுத்தபடியே கையால் பிடித்துத் தைக்கத் தொடங்கினாள் அக்கா. ஒரு நாளைக்கு ஒரு விரற்கடை. மனிதர் எல்லோரையும் விட்டுவிட்டு அந்தத் தையலோடு மட்டும் பேசினாள் என்றே சொல்லலாம்.

டன் திரும்பத் தட்டு படத்தை எடுத்தார். இப்போது அவரைப் போல் தின்றவர் உலகத்தில் இல்லை. முட்டையை எண்ணித் தின்றார். மீனை நிறுத்துத் தின்றார். கால் தட்டுச் சோற்றைக் கோடு கிழித்துத் தின்றார். மேடைப் பலகைப் பக்கமே போகாமல், வாரம் ஒருமுறை அந்தப் பிளாஸ்டிக் தராசில் ஏறி, அது காட்டும் கால் கிலோவையும் அரைக் கிலோவையும் சுவரில் எழுதினார்.

மூன்றாம் வாரம் அக்காவுக்குப் பேச்சு குழம்பியது. தம்பியை யாரோ வாடிக்கையாளர் என்று நினைத்து, “புதன்கிழமை வாங்க, தச்சு வச்சிடறேன்” என்றாள். நாலாம் வாரம், புதனுக்கு முந்தின நாள் காலையில், செவிலி விரிப்பு மாற்ற வந்தபோது போய்விட்டாள். சட்டையில் ஒரு பக்கம்தான் முடிந்திருந்தது. மறுபக்கம் குண்டூசிகள் அப்படியே இருந்தன.

ஸ்கேன் தேதியை மனைவி காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருந்தாள். அதை அடிக்க யாருக்கும் கை வரவில்லை. அந்த நாள் வந்ததும் டன் குளித்து, குண்டூசிகளை எடுத்துவிட்டு அதே சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார்.

ஸ்கேன் அறையில் புதிய ஆள். “சூப்பர் சார்! கல்லீரல் பளிச்சுன்னு இருக்கு. யாருக்குக் குடுக்கறீங்க?”

“அக்காவுக்கு.”

“குடுத்து வச்சவங்க.”

வயிற்றில் தடவிய பசையைத் துடைக்க டன்னுக்கு ரொம்ப நேரம் ஆனது. வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தட்டினார்கள்.

மதியம் மேடைக்குப் போனார். மூன்று லாரிகள் வந்தன. மூன்றுக்கும் எடை எழுதிக் கொடுத்தார். பிறகு டப்பாவைத் திறந்தார். ரெண்டு முட்டை, முள் எடுத்த மீன், பயறு. பலகைக்கு அடியிலிருந்து நாய் வந்து, பழைய பாத்தியதையோடு எதிரே உட்கார்ந்து வாலை ஆட்டியது.

“போ” என்றார். “இது எங்கக்காவோடது.”

நாய் போகவில்லை. அவர் முட்டையைக் கடித்து, மெதுவாக மென்று, விழுங்கினார்.