ஏழு மில்லி

மில்லி என்பது பெற்றவர்கள் வைத்த பெயர் அல்ல, கடையில் வைத்தது. சக்கரக் கடையில் பதினெட்டு வருடமாக அளவெடுக்கிறவர். யாராவது "ஒரு விரல் இடம் இருக்கு, போதும்" என்றால், "யாரு விரலு? எத்தனை மில்லி?" என்று கேட்பார். பயந்தாங்கொள்ளி என்று இன்னொரு பெயரும் உண்டு. அது முதுகுக்குப் பின்னால். பதினெட்டு அங்குலச் சக்கரம் கேட்டு வருகிறவனைப் பதினேழுக்கு இறக்காமல் விட மாட்டார். வண்டியைத் தரையோடு தரையாகத் தாழ்த்திக்கொண்டு, அது போதாதென்று அகலச் சக்கரமும் கேட்கிற இளவட்டங்களைக் கண்டால் அவருக்குப் பயம். அந்தப் பயத்துக்காகவே முதலாளி அவரை வைத்திருந்தார்.

அந்தக் கடையில் ஒரு வழக்கம். புதுச் சக்கரத்தை மாட்டியதும், பின்சக்கரத்துக்கு மேலே மட்கார்டின் உள்மடிப்பு இருக்கிறதே, அந்தத் தகர விளிம்பில் சாக்பீஸைத் தேய்ப்பார்கள். பிறகு ஈயம் என்று பட்டப்பெயர் வாங்கிய கடையாள், பெயின்டர், பக்கத்துக் கண்ணாடிக் கடைக்காரர் என்று கையில் கிடைத்த தடியர்களையெல்லாம் வண்டிக்குள் ஏற்றி, உட்கார்ந்தபடியே குதிக்கச் சொல்வார்கள். இறங்கியதும் டயரைப் பார்க்க வேண்டும். வெள்ளைக் கோடு விழுந்திருந்தால் தகரம் ரப்பரைத் தொடுகிறது என்று அர்த்தம். அந்தச் சக்கரம் அந்த வண்டிக்கு ஆகாது. "காலி வண்டி பொய் சொல்லும்" என்பார் மில்லி. இந்த வழக்கத்தைக் கடையில் ஆரம்பித்து வைத்ததே அவர்தான்.

அப்படிப்பட்டவர் பதினெட்டு வருடத்தில் ஒரே ஒரு வண்டிக்கு ஆளை ஏற்றாமல் விட்டார். அது அவருடைய மாப்பிள்ளையின் வண்டி.

மாப்பிள்ளை தங்கமான பிள்ளை. குரலை உயர்த்திப் பேசத் தெரியாது. வண்டி என்று வந்தால் மட்டும் பத்து வயதாகிவிடும். ஸ்பிரிங்கை மாற்றி வண்டியை இரண்டு அங்குலம் இறக்கி வைத்திருந்தார். பெண், பேத்தி, சம்பந்தி, சம்பந்தியம்மா என்று எல்லோருமாக இரண்டு நாள் விருந்தாட வந்தபோது, மாமனார் கையாலேயே புதுச் சக்கரம் மாட்டிக்கொள்ள வேண்டும் என்று ஆசைப்பட்டார். பதினேழு அங்குலம், ஏழரை அகலம் என்பதில் இருவருக்கும் சண்டை இல்லை. ஆஃப்செட்டில்தான் வந்தது வினை.

"நாப்பத்திரெண்டு போடலாம் மாப்பிள்ளை. சக்கரம் கொஞ்சம் உள்ள தள்ளி நிக்கும். ஆனா கண்ண மூடிக்கிட்டு ஓட்டலாம்."

"முப்பத்தஞ்சு போட்டா மட்கார்டுக்குச் சமமா வந்து நிக்கும் மாமா. உள்ள போய் ஒளிஞ்சுக்கறதுக்கு எதுக்குப் புதுச் சக்கரம்?"

ஆஃப்செட் எண் குறையக் குறையச் சக்கரம் வெளியே வரும். நாற்பத்திரண்டுக்கும் முப்பத்தைந்துக்கும் ஏழு மில்லி. ஒரு சுண்டுவிரல் கனம்கூட இல்லை. வேறு யாராவது கேட்டிருந்தால் மில்லி, "வேற கடையப் பாருப்பா" என்று வாசலைக் காட்டியிருப்பார். மாப்பிள்ளையிடம் அப்படிச் சொல்ல முடியுமா? அவர் சிரித்துக்கொண்டே வேறு சொன்னார்: "வரும்போதே உங்க பொண்ணு சொல்லிச்சு. எங்கப்பா நிழலப் பாத்தாலும் அளவெடுத்துட்டுத்தான் தாண்டுவாருன்னு." கடையே சிரித்தது. மில்லியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு ஏழு மில்லியையும் விட்டுக்கொடுத்தார்.

அதோடு போயிருந்தால்கூடச் சாக்பீஸ் காப்பாற்றியிருக்கும். விளிம்பில் சாக்பீஸைத் தேய்க்கவும் செய்தார், கைப்பழக்கம். வழக்கம்போல ஈயம் பின்கதவைத் திறந்து ஏறப் போனார். சக்கரத்துக்கு ஈயத்துண்டு ஒட்டி பேலன்ஸ் பார்க்கிறவர், ஐம்பது வயது, உடம்பும் பெயருக்கு ஏற்ற கனம். இடுப்புக்குக் கீழே கிரீஸ் இல்லாத இடமே இல்லை. உள்ளே வெள்ளை வெளேரென்று புது சீட்டு உறை. மாப்பிள்ளை வாய் திறக்கவில்லை. சீட்டை ஒரு தரம் பார்த்தார், ஈயத்தின் பின்புறத்தை ஒரு தரம் பார்த்தார். மாமனாருக்கு அது போதாதா?

"வேணாம்யா, இறங்கு. ரெண்டு பேர் போற வண்டிதானே" என்றார் மில்லி.

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த இரண்டு பேர் போகிற வண்டியில் ஐந்து பேர் ஏறினார்கள். முன்னால் மாப்பிள்ளையும் சம்பந்தியும். பின்னால் மகள், அவள் மடியில் பத்து மாதப் பேத்தி, பக்கத்தில் சம்பந்தியம்மா. சம்பந்தியம்மா ஏறியபோது வண்டி ஒரு பெருமூச்சு விட்டது. டிக்கியில் நான்கு பெட்டி, குழந்தை வண்டி, ஒரு மூட்டை. வாசலில் நின்று கையாட்டிக்கொண்டிருந்த மில்லியின் கண் பேத்தியிடம் இல்லை, இடது பின்சக்கரத்தில் இருந்தது. மட்கார்டு டயரின் மேல் தொப்பி போட்டதுபோல இறங்கி உட்கார்ந்திருந்தது. தெருமுனை வேகத்தடையில் வண்டி ஏறி இறங்கும்போது 'சர்ர்' என்று ஒரு சத்தம்.

"என்ன சத்தம் அது?" என்றாள் மனைவி.

"மண்ணு" என்றார் அவர்.

மண் இல்லை என்று அவருக்குத் தெரியும். தெரிந்ததை ஒத்துக்கொள்ள நாற்பது நிமிஷம் ஆயிற்று. கடைக்குப் போனார். அங்கே ஒரு வாடிக்கையாளரின் வண்டி நின்றது, மாப்பிள்ளை வண்டியின் அதே ரகம், அதே போல இறக்கியது. நாற்பது ஆஃப்செட் மாட்டி, சாக்பீஸ் தேய்த்து, ஆளை ஏற்றினார்கள். இறங்கியதும் குனிந்து பார்த்தால் டயரின் மேல்விளிம்பான தோளில் வெள்ளைக் கோடு பளிச்சென்று இருந்தது. நாற்பதே தொடுகிறதென்றால் முப்பத்தைந்து தொடாது, வெட்டும். ஒவ்வொரு குழியிலும் ஒரு வெட்டு. நெடுஞ்சாலையில் எண்பது கிலோமீட்டர் வேகத்தில் அந்த டயர் வெடித்தால், அந்தப் பக்கம் உட்கார்ந்திருப்பது மகளும் பேத்தியும்.

மில்லிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. 'ஓட்டும்போது போனைத் தொடவே கூடாது மாப்பிள்ளை' என்று கல்யாணமான வாரமே புத்தி சொன்னவர் யார்? அவரேதான். அந்தப் பிள்ளை அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்தது. மகள் போனும் எடுக்கவில்லை. சம்பந்தியின் எண் மனைவியிடம்தான் இருக்கிறது. மனைவியிடம் கேட்டால் காரணம் சொல்ல வேண்டும். அவர் கேட்கவில்லை.

"ஈயம், வேனை எடுய்யா."

"எங்க போறோம்?"

"எடுய்யான்னா!"

மூலையில் மாப்பிள்ளையின் பழைய சக்கரங்கள் நான்கும் கிடந்தன. அவற்றை வேனில் தூக்கிப் போட்டார்கள். ஜாக்கியையும் ஸ்பேனரையும் எடுத்துக்கொண்டார்கள். தெருவைத் தாண்டியதும் மில்லி விஷயத்தைச் சொன்னார். எப்போதும் வாய் ஓயாத ஈயம் அதற்கப்புறம் கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அதுதான் மில்லியை இன்னும் பயமுறுத்தியது.

"ஏதாவது சொல்லேன்யா" என்றார்.

"என்ன சொல்ல? நேத்து நான் ஏறியிருக்கணும். கிரீஸ் பட்டா கழுவிக்கலாம்."

வேன் எழுபதுக்கு மேல் போனால் கதவெல்லாம் ஆடும். ஆடட்டும் என்று ஈயம் அழுத்தினார். மில்லி சாலையின் இரண்டு ஓரமும் பார்த்துக்கொண்டே வந்தார். பள்ளத்தில் வெள்ளையாக எது தெரிந்தாலும் நெஞ்சு நின்று நின்று அடித்தது. ஒன்று சாக்கு, ஒன்று மைல்கல், ஒன்று படுத்திருந்த மாடு. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். அவருக்கு அன்றைக்கு வெளுத்ததெல்லாம் பேய். மாப்பிள்ளையின் வண்டி வெள்ளை.

முப்பதாவது கிலோமீட்டரில் சாலை நடுவே கறுப்பாக ஏதோ சுருண்டு கிடந்தது.

"நிறுத்து!"

வேன் நிற்பதற்குள் கதவைத் திறந்து ஓடினார். டயரின் தோல், ஒரு முழ நீளம். பின்னால் லாரி ஒலியெழுப்பிக்கொண்டே ஒதுங்கிப் போனது, அது அவர் காதில் விழவில்லை. குனிந்து எடுத்து, விரலால் கனம் பார்த்தார். கனமான ரப்பர். லாரி டயரில் ஒட்டிய மேல்தோல். கார் டயரில் இவ்வளவு கனம் வராது. அந்தச் சூடான ரப்பரை மார்போடு பிடித்துக்கொண்டு நடுச்சாலையில் நின்று அழுதார். ஈயம் வந்து தோளைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார்.

"மில்லி, அவரு வேகமா போக மாட்டாரு. அவ்வளவு தாழ்ந்த வண்டி ஒவ்வொரு வேகத்தடையையும் நண்டு மாதிரி சாய்ஞ்சு சாய்ஞ்சுதான் தாண்டணும். புடிச்சிடலாம்."

"ஒவ்வொரு தடையிலயும் அந்தத் தகரம் வெட்டும்யா."

ஈயம் இன்னும் அழுத்தினார். எதிரே ஒரு ஆம்புலன்ஸ் அலறிக்கொண்டு வந்து கடந்தது. கண்ணாடி மங்கலாக இருந்ததால் உள்ளே யார் என்று தெரியவில்லை. திரும்பி அதன் பின்னாலேயே போகலாமா, முன்னால் போகலாமா என்று ஒரு கணம் புத்தி தடுமாறியது. எந்தச் சாமியைக் கூப்பிடுவது என்றுகூடத் தெரியவில்லை. ஏழு மில்லி, ஏழு மில்லி என்றுதான் உதடு முணுமுணுத்தது.

ஐம்பதாவது கிலோமீட்டரில், சாலையோரச் சாப்பாட்டுக் கடை வாசலில், மர நிழலில் அந்த வெள்ளை வண்டி நின்றது. நான்கு சக்கரத்தின் மேலும் முழுசாக நின்றது. சம்பந்தி பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு மரத்தடியில் உலாத்திக்கொண்டிருந்தார். சம்பந்தியம்மா வாய் கொப்புளித்துக்கொண்டிருந்தார். போன உயிர் திரும்பி வந்தது என்பார்களே, மில்லிக்கு அது பாதிதான் வந்தது. அவர் யாரிடமும் போகவில்லை. நேரே இடது பின்சக்கரத்துக்குப் போய், மண்ணில் மண்டியிட்டு, மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவே கையை விட்டார்.

டயர் கொதித்தது. தோளைச் சுற்றிலும் ஒரு பள்ளம், கத்தியால் கீறிக்கொண்டே வந்ததுபோல. விளிம்பில் ரப்பர்த் தூள் பிசுபிசுத்தது. சாக்பீஸ் எப்போதோ போய்விட்டிருந்தது. விரலை இன்னும் கொஞ்சம் நகர்த்தினார். விரல்நுனியில் ரப்பர் படவில்லை. நூல் பட்டது. டயருக்கு உள்ளே இருக்கிற நூல், வெளிச்சத்தையே பார்க்கக் கூடாத நூல், பிசிர் பிசிராக. அதற்குக் கீழே காற்று மட்டும்தான்.

"மாமா! நீங்க எங்க இங்க?"

மாப்பிள்ளை கையைத் துடைத்துக்கொண்டே வந்தார். பின்னாலேயே மகள்.

மில்லி மண்டியிட்டபடியே நிமிர்ந்தார். "வண்டிய எடுக்காதீங்க மாப்பிள்ளை. கைய விட்டுப் பாருங்க."

மாப்பிள்ளை கையை விட்டுப் பார்த்தார். அவர் முகம் வெளுத்துப் போனதை மில்லி கண்ணால் பார்த்தார்.

"சத்தம் கேட்டுக்கிட்டேதான் மாமா வந்துச்சு" என்றார் மாப்பிள்ளை மெதுவாக. "ரெண்டு தடவை ஓரங்கட்டப் பாத்தேன். இவதான்..."

மகள் அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நான்தான்பா நிறுத்த வேணாம்னு சொன்னேன். எங்கப்பா அளவெடுத்து மாட்டினது, அதுல தப்பு வராது, பேசாம ஓட்டுங்கன்னேன்."

யாராவது கன்னத்தில் அறைந்திருந்தால் மில்லி தாங்கியிருப்பார். பதினெட்டு வருடம் அவர் பயந்து பயந்து சேர்த்த பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் அவள் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தின் மேலேயே உட்கார்ந்து வந்திருக்கிறாள்.

"தப்புப் பண்ணிட்டேன்மா" என்றார். "நேத்து ஆளை ஏத்திப் பாக்கல. மாப்பிள்ளை சீட்டு அழுக்காயிடும்னு விட்டுட்டேன்."

சம்பந்தி காதிலும் அது விழுந்தது. விழட்டும் என்று சத்தமாகவே சொன்னார். மாப்பிள்ளை தலையைக் குனிந்துகொண்டார். "நானும் வாயத் தொறந்திருக்கணும் மாமா. அந்தச் சீட்ட நான்தான் பாத்தேன்."

பழைய சக்கரங்களை மாட்ட முக்கால் மணி நேரம் ஆயிற்று. நட்டு இரண்டு தரம் மில்லியின் கையிலிருந்து நழுவியதால் ஈயம்தான் முடுக்கினார். முடிந்ததும் மில்லி பையிலிருந்து சாக்பீஸை எடுத்து விளிம்பில் தேய்த்தார்.

"எல்லாரும் ஏறுங்க. பெட்டியெல்லாம் உள்ள இருக்கட்டும். சம்பந்தியம்மா, தப்பா நெனைக்காதீங்க, உக்காந்துக்கிட்டே கொஞ்சம் குதிக்கணும்."

"இந்த வயசுல நான் குதிக்கணுமா?" என்றார் சம்பந்தியம்மா. ஆனாலும் குதித்தார். மில்லி கேட்டுக்கொண்டதால் ஈயமும் கிரீஸ் பேண்டோடு ஏறி வெள்ளை சீட்டில் உட்கார்ந்து குதித்தார். மாப்பிள்ளையே அவருக்குப் பின்கதவைத் திறந்துவிட்டார். பேத்திக்கு அது பிடித்துப்போய்க் கைகொட்டிச் சிரித்தாள்.

மில்லி தரையில் படுத்து டயரைப் பார்த்தார். கோடு இல்லை. மறுபக்கம் போய்ப் பார்த்தார். இல்லை. திரும்பி வந்து முதல் பக்கத்தை மறுபடியும் பார்த்தார். டயர் கறுப்பாகத்தான் இருந்தது.

மகள் கண்ணாடியை இறக்கித் தலையை நீட்டினாள். "சரியா இருக்காப்பா? போலாமா?"

தினம் பத்துப் பேர் கேட்கிற கேள்வி. பத்துப் பேருக்கும், "போலாம்" என்று கையாட்டி அனுப்புகிறவர் அவர். இப்போது இன்னொரு தரம் குனிந்து டயரைப் பார்த்தார். மகள் பதிலுக்குக் காத்திருந்தாள். அவர் சொன்னால் போய்விடுவாள். இன்னமும் அவர் சொன்னால் போய்விடுவாள். அதை நினைத்ததும் காலையில் வந்ததைவிடப் பெரிய பயம் வந்தது.

"நீங்க முன்னாடி போங்க" என்றார். "நான் பின்னாலயே வர்றேன்."

"இன்னும் நூத்தி முப்பது கிலோமீட்டர் இருக்குப்பா."

"வர்றேன்மா."

ஈயம் ஒன்றும் கேட்காமல் வேனைக் கிளப்பினார். வெள்ளை வண்டி நாற்பதில் போயிற்று, வேனும் நாற்பதில் போயிற்று. பின்கண்ணாடி வழியே பேத்தி எட்டிப் பார்த்தாள், மகள் அவளுடைய கையைப் பிடித்துத் தாத்தாவுக்கு ஆட்டிக் காட்டினாள். மில்லி அதைப் பார்க்கவில்லை. நூற்று முப்பது கிலோமீட்டரும் அவர் பார்த்தது இடது பின்சக்கரத்தை மட்டும்தான்.