எந்தப் பட்டினி நல்ல பட்டினி

...ஆனால் எடையைச் சீக்கிரம் இறக்குவது என்று பார்த்தால் கீட்டோவை அடித்துக்கொள்ள ஆள் இல்லை, அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும், மடியில் கிடக்கிற இந்த நீலக் கால்சட்டையே அதற்குச் சாட்சி, கணக்கு டீச்சருடையது, கோடை தொடங்குமுன் இதே இடுப்பைப் பிடித்துத் தைக்கக் கொண்டுவந்தபோது டீச்சருக்குக் கால் தரையில் பாவவில்லை, பெல்ட் போட்டும் நிக்கலைங்க, ரொட்டி இல்ல, சோறு இல்ல, சர்க்கரை இல்ல, முட்டையும் வெண்ணெயும் சீஸும்தான், பசியே தெரியல, நீங்களும் ஆரம்பிங்க என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனவர், இன்று காலை அதே கால்சட்டையைக் காகிதப் பையில் சுருட்டிக் கொண்டுவந்து, கொஞ்சம் பிரிச்சு விடணும் என்றார், அவ்வளவுதான், குரல் மேஜையைத் தாண்டவில்லை. அவள் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்க்காமலேயே சரி என்றாள், உள்ளே துணி இருக்கிறது, அவள் விட்டுவைத்த துணி, இந்த ஆல்ட்டரேஷன் கடையின் ஜன்னலோர மிஷினில் உட்கார்ந்த நாளிலிருந்து மெலிந்து வருகிறவர்களின் துணியில் அவள் கத்திரியை வைத்ததே இல்லை, மடித்து உள்ளே தள்ளி மேலோட்டமாகத் தைத்து வைப்பாள், முதலாளிகூட ஆரம்பத்தில் கேட்டார், உள்ள இவ்வளவு தடிப்பா இருக்கே, உறுத்தாதா? உறுத்தட்டும்... குதித்துக்கொண்டு வருகிற மனுஷியிடம் நீங்கள் திரும்பி வருவீர்கள் என்று வாயால் சொல்ல முடியுமா, துணியிடம்தான் சொல்லிவைக்க முடியும்.

ஊசியால் தையலைப் பிரித்துக்கொண்டே போனாள். கீட்டோவில் இன்னொரு சங்கடம், வாய் நாறும், தலை வலிக்கும், அவளும் மூன்று வாரம் இருந்து பார்த்தவள்தான், அதோடு அவள் விஷயத்தில் டாக்டரே வேண்டாம் என்றுவிட்டார், அவ்வளவு கறியும் முட்டையும் சிறுநீரகத்துக்குச் சுமை, கொடுக்கப்போற பொருளைக் கெடுத்துட்டுக் கொடுக்கலாமா என்று சிரித்தார்... கொடுக்கப்போகிற பொருள். தம்பிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன, வாரத்துக்கு மூன்று நாள் மிஷினில் ரத்தத்தைக் கழுவிக்கொண்டு வருகிறான், வீட்டில் எல்லோருக்கும் பரிசோதனை செய்ததில் பொருந்தியது அவளுடையது மட்டும்தான், பொருந்திவிட்டது என்று கேட்டதும் அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், வீட்டுக்காரர் எழுந்துபோய் டீ போட்டார், யாருக்கும் வேண்டியிருக்கவில்லை, ஆனாலும் எல்லோரும் குடித்தார்கள், அதற்குப் பிறகுதான் டாக்டர் அவளைத் தராசில் ஏற்றினார். இவ்வளவு எடையோட உங்களை மேஜையில படுக்கவைக்க மாட்டேம்மா, ஆறேழு கிலோ இறக்கிட்டு வாங்க, அன்னைக்கே தேதி குறிச்சுடலாம். ஆறேழு கிலோ, என்ன பெரிய விஷயம், இந்தக் கடைக்கு வருகிறவர்கள் பண்டிகைக்கு ஒருமுறை இறக்கி ஏற்றுகிற சமாசாரம்... அது ஆயிற்று, போன குளிரில் ஆரம்பித்தது, இன்று சாயங்காலம் நாலு மணிக்கு மறுபடி தராசு.

பட்டினிதான் மேல் என்று ஒரு காலம் நினைத்தாள், பதினாறு மணி நேரம் வாயைக் கட்டு, மீதி எட்டு மணி நேரம் சாப்பிடு, கணக்குப் பார்க்க வேண்டாம், தனியாகச் சமைக்க வேண்டாம், காசும் மிச்சம், டாக்ஸிக்காரர் ஒருவர் அப்படித்தான் இறக்கினார், சட்டை இரண்டையும் பக்கவாட்டில் பிடித்துத் தைத்தாள், ஆனால் அந்த எட்டு மணி நேரத்தில் அவர் எதைத்தான் விட்டுவைத்தார், வண்டிக்குள்ளேயே பன்னும் சிப்ஸும், சட்டை திரும்பி வந்துவிட்டது. அவளுக்கு அதில் நெஞ்செரிச்சல், அதுவும் காலை நேரத்தில் கையெல்லாம் நடுங்கி, மிஷின் ஊசி விரலில் ஏறிவிடுமோ என்று... ஏறியதா? இல்லை. ஏறவில்லைதான், ஆனால் ஏறியிருக்கலாம், விட்டுவிட்டாள். ஜூஸ் டயட் வெறும் கண்கட்டு, போவதெல்லாம் நீர், வருவதும் நீர், ஒரே வாரத்தில் அவள் கன்னம் ஒட்டிப்போனதைப் பார்த்துக் காஜா அக்கா கேட்டாள், என்னடி, யாராவது செத்துட்டாங்களா? எதிர் மேஜையில் பட்டன் துளை போடுகிற காஜா அக்காவுக்கு வாயும் காஜா மிஷின்தான், ஒரே குத்து, துளை விழுந்துவிடும். அப்புறம் கலோரி எண்ணுவது, அது ஒழுங்கான வழி, ஒப்புக்கொள்ளலாம், எதையும் விலக்கச் சொல்லாது, ஆனால் ஒரு வாழைப்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு போனில் தட்டிக்கொண்டிருந்தால் பழமா அது, பரீட்சையா? இதையெல்லாம் மத்தியானச் சாப்பாட்டின்போது வரிசையாக எடுத்துச் சொன்னதற்குத்தான் அக்கா நூலைப் பல்லால் கடித்துக்கொண்டே சொன்னாள், ஏன்டி, நீ டயட் இருக்கறியா, இல்ல டயட்டுக்குப் பொண்ணு பாக்கறியா? ஒண்ணுக்கு மூக்கு சரியில்ல, ஒண்ணுக்கு நிறம் சரியில்ல, இப்படியே போனா எப்ப கல்யாணம்?

முதலாளிகூடச் சிரித்துவிட்டார், அவளும் சிரித்தாள், சிரிப்பு அடங்கிய பிறகும் அது உள்ளே எங்கேயோ நின்றுகொண்டது... எப்ப கல்யாணம். கால்சட்டையின் பட்டியை இழுத்துப் பிடித்து இன்ச் டேப்பை ஓட்டினாள். கீட்டோவை விட்டது எப்போது, தலைவலியின்போதா? தலைவலி முதல் வாரமே போய்விட்டதே. பாவாடைக் கொக்கியை உள்ளே தள்ளி வைத்துத் தைத்தாளே, அதற்கு மறுநாள் காலையில்தான் ரொட்டியை வாட்டினாள். பட்டினியை விட்டதும் அப்படித்தான், தராசில் மூணு கிலோ குறைஞ்சிருக்கு, சபாஷ் என்று நர்ஸ் சொன்ன அந்த வாரம், அந்த வாரம்தான் கை நடுக்கம் அதிகமாக இருந்தது, இருந்ததா, இருந்தது, சரி... இதற்கெல்லாம் அர்த்தம் கண்டுபிடிக்கப் புறப்பட்டால் வேலை ஓடாது. இப்போது இருப்பது ஆஸ்பத்திரியில் கொடுத்த அரைத்தட்டு முறை, தட்டில் பாதிக்குக் காய், மீதியில் மற்றதெல்லாம், இரண்டாம் தடவை கிடையாது, பெயரில்லாத முறை, இதைப் பற்றிக் கடைக்கு வந்து பீற்றிக்கொள்கிற ஒரு ஆளையும் அவள் பார்த்ததில்லை, பசிக்காது, வாய் நாறாது, காசு ஆகாது, வீட்டுக்காரருக்கே அவள் டயட் இருப்பது தெரியாது, குறை சொல்ல ஒன்றுமில்லாததுதான் அதில் குறை. இன்று காலை பஸ்ஸில் ஏறும்போது பாவாடை இடுப்பில் தானாகச் சுற்றிக்கொண்டு பக்கவாட்டு ஜிப் முன்னால் வந்து நின்றது. கையால் பின்னுக்குத் தள்ளிவிட்டாள். மற்றவர்கள் இடுப்பென்றால் கண்ணாலேயே அளந்துவிடுவாள், தன் இடுப்பு மட்டும் தெரியாதா, இறங்கியிருக்கும், இந்தத் தடவை அந்த ஆறேழும் இறங்கியே இருக்கும்.

கால்சட்டையை மடித்துவைக்கும்போது போன் அடித்தது, தம்பி, மிஷினில் படுத்துக்கொண்டுதான் பேசுவான், பின்னால் டிவி ஓடும், சாவி செய்கிற கடை வைத்திருந்தவன், கடையை மூடியபிறகு பேச்சு ஒன்றுதான் அவன் தொழில். என்னக்கா, இன்னைக்கு எந்தக் கட்சியில இருக்கே? போன தடவை வெண்ணெய்க் கட்சி, அதுக்கு முன்னாடி பட்டினிக் கட்சி, கட்சி மாறுறதுல ஊர்ல இருக்கற அரசியல்வாதியெல்லாம் உன்கிட்ட பாடம் படிக்கணும். போடா, வாயப் பாரு, இப்ப அரைத்தட்டுக் கட்சி. ஐயோ, தட்டையே பாதியா வெட்டிட்டியா? சிரித்தான், இருமினான், டிவியின் சத்தத்தைக் குறைத்தான். அக்கா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதே, இறங்கலன்னா இறங்கல, சிலருக்கு உடம்புவாகு அப்படி, டாக்டர்கிட்ட நானே சொல்லிடறேன், எனக்கு ஒண்ணும் அவசரமில்ல, மிஷின் இருக்கு, நர்ஸ் இருக்காங்க, பக்கத்துப் படுக்கையில சீட்டு விளையாட ஆள் இருக்கு, என்ன குறை? ஏன்டா அப்படிச் சொல்றே, இறங்கிடும்டா, இறக்கிக் காட்டறேன் பாரு. காட்டு காட்டு, என்றான். வெளிய வெயில் ஜாஸ்தியாக்கா? ஆமாடா, கொளுத்துது. குடிச்சுக்கோ, நிறைய குடி... அதைச் சொல்லும்போது மட்டும் அவன் குரலில் விளையாட்டு இல்லை. உள்ளே போன நீர் வெளியே வர வழியில்லாதவன், ஒரு சின்னப் பாட்டில்தான் அவனுக்கு ஒரு நாள் முழுக்க, ஐஸ்கட்டியை வாயில் ஒதுக்கிக்கொண்டு மத்தியானத்தைக் கடத்துகிறவன், அவன் வீட்டுக்கு வந்தால் யாரும் அவன் முன்னால் தண்ணீர் குடிக்க மாட்டார்கள், சமையலறைக்குள் போய் நின்று குடிப்பார்கள், அவள் கடைசிக் குட்டிப் பெண்கூட. போனை வைத்த பிறகுதான் தோன்றியது, எனக்கு அவசரமில்லை என்று அவன் சொன்னபோது தோள் இரண்டும் கீழே இறங்கினவே... அவன் சிரிக்க வைத்ததால் இருக்கும். அவனுக்கு எதுவும் தெரியாது. தெரிந்திருந்தால் அப்படிப் பேசுவானா? இல்லை, தெரிந்ததால்தான் பேசினானா?

மூன்றரைக்கு முதலாளியிடம் சொல்லிக்கொண்டு கிளம்பினாள், வரும்போது தேதியோட வா என்றாள் காஜா அக்கா, பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது, எதிரில் ஒருத்தி போனில் யாருக்கோ பேலியோவின் மகிமையைச் சொல்லிக்கொண்டு வந்தாள், ஆதி மனுஷன் சாப்பிட்டதாம், ஆதி மனுஷனுக்கு யார் கால்சட்டை தைத்தார்கள், அவன் இளைத்தானா பருத்தானா என்று எதைப் பார்த்துக் கண்டுபிடித்தார்கள்... ஆஸ்பத்திரியின் பக்கவாசல், நீளமான நடை, மருந்தும் துடைத்த தரையும் கலந்த வாசனை, வலதுபக்கம் தம்பி படுத்திருக்கும் கூடத்தின் ஆடும் கதவு, அந்தப் பக்கம் திரும்பாமல் நடந்தாள், பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் தராசு. நடையின் கோடியில் தண்ணீர் ஃபில்ட்டர், லிட்டர் பாட்டில் பஸ்ஸிலேயே காலியாகியிருந்தது, நிரப்பினாள், நின்றபடியே குடித்து முடித்தாள், மறுபடி நிரப்பினாள்.

எடை பார்க்கிற நர்ஸுக்கு அவளைத் தெரியும். வாங்கக்கா, பாவாடையெல்லாம் கொடியில போட்ட மாதிரி தொங்குது, இன்னைக்குத் தேதி வாங்காம போகமாட்டீங்க போலிருக்கே, செருப்பைக் கழட்டிட்டு ஏறுங்க. செருப்பைக் கழற்றினாள். நர்ஸ் அவள் கையைப் பார்த்தாள், பாட்டிலைப் பார்த்தாள். அட, தண்ணியைக் குடிச்சுட்டா வந்தீங்க? நிறையவா? ரெண்டு பாட்டில் என்றாள் அவள். நர்ஸ் நெற்றியில் கையை வைத்துக்கொண்டாள், ரெண்டு பாட்டில்னா ரெண்டு கிலோக்கா, இங்க வர்றவங்க காலையிலேர்ந்து எச்சில்கூட விழுங்காம வருவாங்க, தோட்டைக் கழட்டி வெச்சுட்டு ஏறுவாங்க, எல்லாரும் குறைச்சுக் காட்டத்தான் பாப்பாங்க, உங்களை மாதிரி ஒரு ஆளை நான் பார்த்ததில்ல... வெயில் என்றாள் அவள். சரி சரி, அங்க பாத்ரூம் இருக்கு, கொஞ்ச நேரம் உக்காந்து, போயிட்டு வந்து ஏறுங்க, நான் எங்கயும் போகல. ஒரு கால் ஏற்கனவே தராசின் மேல் இருந்தது, ரப்பர் விரிப்பு உள்ளங்காலில் சில்லென்று இருந்தது, கண்ணாடிக்குள் முள் எழுந்து ஆடியது. ரெண்டு பாட்டில். பஸ்ஸில் ஒன்று, நடையில் ஒன்று, ஆமாம், வெயில்தான், வெயிலென்றால் தாகம் எடுக்காதா... எடுத்ததா? பஸ்ஸில் எந்த இடத்தில் எடுத்தது, பேலியோக்காரி ஏறுவதற்கு முன்னாலா, பிறகா, தொண்டை வறண்டதா, நாக்கு ஒட்டியதா, நினைவைத் திரும்பத் திரும்பத் தடவிப் பார்த்தாள், மூடியைத் திருகியது நினைவிருக்கிறது, கழுத்தை அண்ணாந்தது நினைவிருக்கிறது, தாகம் மட்டும் எங்கேயும் அகப்படவில்லை. என்னக்கா, ஏறப்போறீங்களா, இறங்கப்போறீங்களா, என்றாள் நர்ஸ்.