மனக்குறை ஞாயிறு

மெழுகு எரியும் வாசனை மாடிப்படியிலேயே அவளை எதிர்கொண்டது. மின்சாரம் போன கட்டிடத்தில், செல்போன் வெளிச்சத்தில் படிகளைத் தடவி ஏறிக்கொண்டிருந்தவள் வேகத்தைக் கூட்டினாள். அவர்கள் வீட்டில் மெழுகுவத்தி என்று இருப்பது நாலே நாலுதான்.

கதவைத் திறந்தால் சாப்பாட்டு மேசை ஜெகஜ்ஜோதியாக இருந்தது. பச்சைக் கிளைகளை வளைத்துக் கட்டிய வளையத்தில் ஊதா மூன்றும் ரோஜா நிறம் ஒன்றும் ஒருசேர எரிந்துகொண்டிருந்தன. அந்த வெளிச்சத்தில் அவள் கணவர் ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார். எதிரே சின்னவன் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான்.

"வாம்மா வா. நல்லவேளை இது இருந்துச்சு. இல்லன்னா வாய் எங்க இருக்குன்னு தேடித்தான் சாப்பிட்டிருக்கணும்."

"நாலையுமா ஏத்தினீங்க?"

"ஒண்ணு பத்தலம்மா. இவன் கணக்கு போடணும்ல."

அவள் கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் குனிந்து ரோஜா நிறத்தையும் கடைசி ஊதாவையும் ஊதி அணைத்தாள். இரண்டும் பாதிக்கு மேல் உருகி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தன.

"ஐயோ அம்மா! ஏழா ஒண்ணான்னு தெரியல!" என்று சின்னவன் கத்தினான்.

கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாலு ஞாயிறு கொண்ட திருவருகைக் காலம் தொடங்கி இரண்டு ஞாயிறுதான் ஆகியிருந்தது. ஞாயிறுக்கு ஒன்றாக ஏற்ற வேண்டியவை அவை. முறை வராத மெழுகுவத்தியைத் தொடக்கூடாது என்பது இந்த வீட்டில் பால் குடிக்கும் பிள்ளைக்கும் தெரியும். அவருக்குத் தெரியாதா? அவருடைய அப்பா ஏற்படுத்திய வழக்கம்தானே இது. அவளுடைய பிறந்த வீட்டில் திருவருகைக் காலம் என்பது கோயிலில் சாமியார் ஊதா உடுத்திவரும் காலம், அவ்வளவுதான். வளையம் கட்டுவது, அதைச் சுற்றி உட்காருவது எல்லாம் கல்யாணமாகி வந்த பிறகு அவள் கற்றுக்கொண்டவை. கற்றுக்கொண்டவள் தலையிலேயே பிறகு எல்லாம் விடிந்தது. கிளை தேடுவது அவள், மெழுகுவத்தி வாங்குவது அவள், மேசையில் சொட்டிய மெழுகைக் கத்தியால் சுரண்டுவது அவள். மாமனார் போன பிறகு வேறு ஊரில் இருக்கும் நாத்தனார் ஒவ்வொரு ஞாயிறும் வீடியோவில் கூப்பிடுவாள். கணவர் போனைத் திருப்பி வளையத்தைக் காட்டுவார். "பாத்தியாக்கா? அப்பா வழக்கத்த நான் விடல." அப்போது அவள் பெரும்பாலும் அடுப்படியில் இருப்பாள்.

கணவர் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். ஊரே அவரை மாஸ்டர் என்றுதான் கூப்பிடும். கற்றுக்கொடுக்கும் காரில் அவர் பக்கத்துக்கும் ஒரு பிரேக் உண்டு. ஆக்ஸிலேட்டர் கிடையாது. வீட்டிலும் ஏறக்குறைய அப்படித்தான் என்று அவள் நினைத்துக்கொள்வாள். நிறுத்துவதற்கு அவர், ஓட்டுவதற்கு அவள்.

"அரைகுறையா இருந்தா என்ன? சாமி அளந்தா பாக்குது?" என்றார் மாஸ்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு.

அவள் கத்தியை எடுத்து மேசையில் சொட்டியிருந்த மெழுகைச் சுரண்ட ஆரம்பித்தாள். அவளுக்கு வழக்கமான பதில் அதுதான்.

மறுநாள் கடையிலும் அது மனதில் ஊறிக்கொண்டேயிருந்தது. அவள் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். லென்ஸைச் சட்டத்துக்கு ஏற்ற மாதிரித் தேய்த்துப் பொருத்துவது, பொருந்தவில்லை என்று திரும்பி வருபவர்களை உட்காரவைத்துச் சரிசெய்வது. அப்படி வருகிற யாருக்கும் எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாது. "என்னமோ சரியில்லம்மா" என்பார்கள். அவள்தான் ஒவ்வொன்றாகக் கேட்பாள். "மூக்குல அழுத்துதா? காதுக்குப் பின்னாடியா? கீழ பாக்கும்போது தல சுத்துதா?" கேட்கக் கேட்க அவர்களுக்கே தெரியவரும். முகம் தெளிந்துவிடும். அன்று ஒரு பெரியவருடைய சட்டத்தின் காதுக்கொக்கியைச் சூடாக்கி வளைத்துக்கொண்டிருக்கையில், தன்னை யாராவது இப்படி உட்காரவைத்துக் கேட்டால் என்ன சொல்வோம் என்று யோசித்தாள். என்னமோ சரியில்லை. அதற்கு மேல் அவளுக்கும் வரவில்லை.

திரும்பும் வழியில் மெழுகுவத்தி விற்கும் கடையைத் தாண்டித்தான் நடந்தாள். உள்ளே போகவில்லை.

ஞாயிறு வந்தது. மூன்றாம் ஞாயிறு, ரோஜா நிற மெழுகுவத்தி ஏற்றும் மகிழ்ச்சியின் ஞாயிறு. காலைப் பூசையில் சாமியார் ரோஜா நிற உடையில் வந்து, "மகிழுங்கள், மறுபடியும் சொல்கிறேன், மகிழுங்கள்" என்று படித்தார். எத்தனை தடவை சொன்னாலும் உள்ளே ஏறவில்லை.

பொழுது சாய்ந்ததும் கூப்பிட ஆரம்பித்தாள். பெரியவள் அறையிலிருந்து "வரேம்மா" என்றாள். சின்னவன் "இதோ" என்றான். மாஸ்டர் "நீ ஆரம்பி, நான் வந்து சேந்துக்கறேன்" என்றார். மறுபடி கூப்பிட்டாள். மூன்றாவது தடவை குரலில் ஒரு விரிசல் விழுந்ததும்தான் நாற்காலிகள் நகர்ந்தன.

மாமனார் வழக்கத்தில் ஒரு நிபந்தனை இருந்தது. மெழுகுவத்தி ஏற்றுவதற்கு முன் வீட்டில் இருக்கும் ஒவ்வொருவரும் தங்கள் மனக்குறையைச் சொல்ல வேண்டும். யார்மேல் குறையோ அவர் மன்னிப்புக் கேட்க வேண்டும். அது முடியாமல் தீக்குச்சி உரசக்கூடாது, யாரும் மேசையை விட்டு எழுந்திருக்கவும் கூடாது. "மனசுல ஒண்ண வெச்சுக்கிட்டு விளக்கேத்தறது அழுக்குத் துணிக்கு இஸ்திரி போடற மாதிரி" என்பார் மாமனார்.

"இவ பாத்ரூம் உள்ள போனா அடுத்த ஞாயித்துக்கிழமதான் வெளிய வரா," என்று சின்னவன் ஆரம்பித்தான்.

"சாரிடா. எனக்கு அப்பா மேலதான். காலேஜ் வாசல்ல, என் ஃப்ரெண்ட்ஸ் முன்னாடி, 'பாப்பா, டிபன் டப்பாவ மறந்துட்ட பாரு'ன்னு கத்தறார். மைக் ஒண்ணுதான் பாக்கி."

"மன்னிச்சுக்கம்மா. இனிமே பாப்பா அவர்களேன்னு கூப்பிடறேன். எனக்கு இவன் மேல. என் சார்ஜரத் திங்கறானா என்னன்னு தெரியல."

"சாரிப்பா."

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் தீக்குச்சியை எடுத்துவிட்டார். "உனக்கு?" என்று பெயருக்குக் கேட்டுக்கொண்டே உரசிவிட்டார். எத்தனையோ வருஷமாக அவள் பதில் "எனக்கு என்ன, ஒண்ணுமில்ல" என்பதுதான்.

"இருக்கு," என்றாள்.

குச்சி அவர் விரல்வரை எரிந்தது. "ஸ்ஸ்" என்று உதறினார்.

"அட, என்னம்மா? மெழுகுவத்திய எரிச்சதா? தப்புதான், சாரி. முடிஞ்சுதா?"

"அது இல்ல."

"அப்புறம்?"

அவள் சொல்ல நினைத்தவை எல்லாம் உதட்டு வாசலில் முண்டியடித்தன. ஒன்றுகூட வெளியே வரவில்லை.

"ஈரத் துண்ட கட்டில்ல போட்டதா?" என்றான் சின்னவன் மெதுவாக.

"இல்ல."

"நீ டூட்டி முடிஞ்சு வரப்ப பாத்திரம் அப்படியே கெடந்துச்சே, அதா?" இது பெரியவள்.

"இல்ல."

"உன் தம்பி வீட்டு விசேஷத்துக்கு நான் வேல இருக்குன்னு வராம இருந்தது," என்றார் மாஸ்டர். "வேல ஒண்ணும் பெருசா இல்ல."

அது அவளுக்கே புதுசு. "அதும் இல்ல."

"பேசிட்டிருக்கும்போது போனப் பாக்கறோமே?"

"உனக்கு மட்டும் ஆறின சாப்பாடு?"

"போன மாசம் காய்ச்சலோட கடைக்குப் போனியே, யாரும் ஒரு வார்த்த கேக்கல. அதுவா?"

விடுகதைக்கு விடை தேடுகிற உற்சாகம் பிள்ளைகளுக்கு வந்துவிட்டது. ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போனார்கள். இவர்களுக்கு எதுவும் கண்ணில் படவில்லை என்று எண்ணித்தான் அவள் இத்தனை காலம் மனதைத் தேற்றிக்கொண்டிருந்தாள். தெரிந்தால் செய்யமாட்டார்கள் என்று. எல்லாம் தெரிந்திருக்கிறது. ஒவ்வொன்றாகத் தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டேதான் ஈரத் துண்டு கட்டிலில் கிடந்திருக்கிறது.

"போதும்," என்றாள். குரல் அவள் நினைத்ததைவிடச் சத்தமாக வந்தது. "நான்தான் எப்பவும் எல்லாரையும் இந்த மேசைக்குக் கூப்பிடறேன். தொண்ட கிழியக் கூப்பிடறேன். ஒரு நாளாவது, அம்மா வந்தாச்சா, அவ வரட்டும்னு யாராவது என்னக் கூப்பிட்டிருக்கீங்களா?"

பெரியவள் நிஜமாகவே யோசித்தாள். பிறகு, குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல் சொன்னாள்: "நீதான் எப்பவும் இங்கயே இருக்கியேம்மா. கூப்பிடறதுக்கு நீ எங்க போன?"

உண்மைதான், எங்கும் போகவில்லை. சுவர்க்கடிகாரத்தை யார் கூப்பிடுவார்கள்?

"சரிம்மா, சாரி. அடுத்த வாரம் நானே கூப்பிடறேன், போதுமா?" மாஸ்டர் இரண்டாவது குச்சியை எடுத்தார்.

அவள் அவர் மணிக்கட்டைப் பிடித்தாள். "வேண்டாம். எனக்குத் தீரல."

"அதான் சாரி சொல்லிட்டேனே?"

"சொன்னீங்க. எனக்குத் தீரல."

அந்த நேரம் பார்த்துப் போன் அடித்தது. நாத்தனாரின் முகம் சட்டத்துக்குள் பாதி நெற்றியாக வந்து நின்றது.

"என்னடா தம்பி, ஏத்தியாச்சா? காட்டு, காட்டு."

மாஸ்டர் போனைத் திருப்பவில்லை. "இன்னும் இல்லக்கா."

"ஏண்டா? இந்நேரம் சாப்பிட்டே முடிச்சிருப்பீங்களே?"

"இவளுக்கு மனக்குறையாம்."

"என்ன குறை?"

"வந்து... கூப்பிட்டா நாங்க வர்றதில்லையாம்."

"அது இல்லப்பா," என்றான் சின்னவன் பக்கத்திலிருந்து.

"இருடா. நாங்க இவளுக்கு உதவி..."

"அதும் இல்லப்பா," என்றாள் பெரியவள்.

மாஸ்டர் மனைவியைப் பார்த்தார். அவள் உதவிக்கு வரவில்லை. புதிதாக ஓட்ட வருபவர்கள் கியரைத் தேடுவதுபோல அவர் வார்த்தையைத் தேடினார். பிறகு தாழ்ந்த குரலில், "இவ வந்தாளான்னு நாங்க யாரும் பாக்கறதில்லக்கா. இத்தன வருஷமா," என்றார்.

போனில் நெற்றி விலகி முழு முகமும் தெரிந்தது. "சரி, தீத்துட்டுக் கூப்பிடு," என்றாள் நாத்தனார்.

"இன்னைக்குத் தீராது போலக்கா," என்று சொல்லிப் போனைக் கவிழ்த்து வைத்தார்.

ரோஜா நிற மெழுகுவத்தி கோணலாக நின்றது. சின்னவன் அதையே பார்த்துக்கொண்டிருந்தான். "அம்மா, இத ஏத்தலன்னா கிறிஸ்துமஸ் வராதா?"

"அது வரும்டா. நம்மளக் கேட்டுக்கிட்டா வருது?"

அவர் வார்த்தையைக் கண்டுபிடித்தது அவளுக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். இல்லை. சொல்லிக்கொடுத்து வரவழைத்தது என்றுதான் பட்டது. ஆனாலும் நாலு பேரும் இவ்வளவு நேரம் இந்த மேசையில் ஒன்றாக உட்கார்ந்து வெகுகாலம் ஆகியிருந்தது. ஏற்றாததால் எழுந்திருக்க வழியில்லை. அதை நினைத்து அவளுக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒன்றாக வந்தன.

உணவு முன்பே மேசைக்கு வந்திருந்தது. மூடியைத் திறந்தாள். மாஸ்டர் முதலில் அவள் தட்டில் பரிமாறினார், கொஞ்சம் அதிகமாகவே. எல்லோரும் ட்யூப்லைட் வெளிச்சத்தில் சாப்பிட ஆரம்பித்தார்கள்.

உப்பு போதவில்லை. முதல் வாயிலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. மற்றவர்களுக்கும் தெரிந்துவிட்டது என்பது அவர்கள் மெல்லுகிற விதத்திலிருந்து தெரிந்தது. ஒருவரும் உப்பு கேட்கவில்லை. உப்பு ஜாடி அடுப்படி அலமாரியில் இருந்தது. அவளுடைய கால்கள் பழக்கத்தில் நாற்காலிக்கடியில் ஊன்றி எழப் பார்த்தன. அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுப் பின்னிக்கொண்டு, நிபந்தனையை மீறி உப்புக்கு யார் எழுந்து போகிறார்கள் என்று பார்த்தபடி சப்பென்ற அடுத்த கவளத்தை எடுத்து வாயில் வைத்தாள்.